பத்தொன்பதாம் ஜாடியின் தண்ணீர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் படலக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. பதினான்கு வருடமாக அவள் பார்த்து வந்தது ஒரே வேலை. பாலிமர் கரைசலைக் கண்ணாடிப் பலகையில் ஊற்றி, தகட்டுக் கத்தியால் ஒரே இழுப்பாக இழுத்து, உலர்த்தி, வெங்காயத் தோலைவிட மெல்லிய படலமாக உரித்தெடுப்பாள். அந்தப் படலத்தின் ஒரு பக்கம் தண்ணீர் கலந்த ஆல்கஹாலை ஓடவிட்டு மறுபக்கம் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சினால், தண்ணீர் மட்டும் ஆவியாகிக் கடந்து வரும். ஆல்கஹால் வந்த வழியே திரும்பிவிடும். கடந்து வந்த ஆவி, திரவ நைட்ரஜனில் முங்கியிருக்கும் குளிர்க்குடுவையில் வெள்ளைப் பனியாகப் படியும். பனியை உருகவிட்டு எடை போட வேண்டும், நோட்டில் எழுத வேண்டும், கைகழுவும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

சொல்வதற்கு என்ன, யாரும் சொல்லிவிடலாம். செய்து பார்த்தால்தான் தெரியும் அதன் வீம்பு. தண்ணீரைக் கண்டால் விடாத பாலிமர் அது. குடித்துக் குடித்து ஊதிப்போகும். ஊதிப்போனால் அந்த இடுக்கு வழியாக ஆல்கஹாலும் நுழைந்துவிடும். ஊதாமல் இருக்க இழைகளைக் குறுக்கே கட்டிப்போடும் மருந்து ஒன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். ஒரு சொட்டுக் கூடினால் படலம் விறைத்துக்கொண்டு எதையுமே விடாது. "பிள்ளை வளக்குற மாதிரிதாங்க. விட்டாலும் கெட்டுச்சு, இறுக்கினாலும் கெட்டுச்சு" என்று துறைத் தலைவர் வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். பிள்ளை இல்லாதவள் பக்கத்தில் நிற்கிறாளே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கெட்டவர் இல்லை, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதவர், பிறர் மனசில் இருப்பதையும் சேர்த்து.

பிள்ளை இல்லாதவள் என்பதும் சரியில்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பெண் குழந்தை, ஆறாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்து, அழாமலே போய்விட்டது. எடை அறுநூற்று நாற்பது கிராம் என்று நர்ஸ் யாருக்கோ சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது. அப்புறம் ஒன்பது நாள் காய்ச்சலில் தன் நினைவே இல்லாமல் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் செய்தாயிற்று என்றார் அவள் கணவர். மயானத்தில் சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். கல் எதுவும் இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் அவள் அங்கே போய் நிற்பாள். அவர் கூட வருவார், ஆனால் குழாயடியோடு நின்றுவிடுவார். துக்கம் தாங்காமல் நிற்கிறார் என்று இவள் நினைத்துக்கொள்வாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் இருக்கும் பெரிய கட்டிடங்களில் பாதி அவர் கையால்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பதினோரு வருடத்துக்கு முன் மருத்துவக் கல்லூரியின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

அந்தக் கல்லூரியின் உடற்கூறு மியூசியத்திலிருந்துதான் அவளுக்கு இந்தப் புது வேலையும் வந்தது. அங்கே ஜாடி ஜாடியாக உறுப்புகள் ஆல்கஹாலில் மிதந்துகொண்டிருந்தன. ஜாடிகள் கசிந்தன, உடைந்தன, மாணவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஈரத்தை முழுசாக எடுத்துவிட்டு ரெசின் ஏற்றிவிட்டால் ஜாடியே வேண்டாம், கையிலேயே எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஈரத்தை எடுக்கச் சுத்தமான ஆல்கஹால் வேண்டும். ஜாடியிலிருக்கும் பழைய அழுக்குத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால், உறுப்பிலிருக்கும் தண்ணீர் அதில் கரைந்து வரும். தண்ணீர் கலந்ததைப் படலக்காரியிடம் கொடுத்தால் தண்ணீரைப் பிரித்து ஆல்கஹாலைத் திருப்பித் தருவாள். அதை மறுபடி ஜாடியில் ஊற்றலாம். ஒரு கேன் அங்கே, ஒரு கேன் இங்கே. வாரம் ஒரு மாற்று.

கேன்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவர் மியூசியக் காப்பாளர். எல்லாருக்கும் அவர் ஜாடிக்காரர். முப்பது வருடம் பேசாத ஆட்களோடு இருந்ததாலோ என்னவோ, பேசக் கிடைத்தால் விடமாட்டார். வீட்டில் குடிவைத்தவர்களைப் பற்றிப் பேசுவதுபோல ஜாடிகளைப் பற்றிப் பேசுவார்.

"பதினொண்ணாம் நம்பர் ஈரல் இருக்கே, மேடம், தங்கமான ஈரல். மூணே வாரத்துல காஞ்சிடுச்சு. பதினாலாம் நம்பர் மூளைதான் கொஞ்சம் பிடிவாதம்."

"மூளைன்னா அப்படித்தாண்ணே இருக்கும்."

முதலில் அவளுடைய படலங்கள் தாங்கவில்லை. ஜாடி ஆல்கஹாலில் கொழுப்பு இருந்தது, பழைய மருந்துகள் இருந்தன. இரண்டு மணி நேரத்தில் படலம் கிழிந்து பம்ப் இருமியது. கட்டும் மருந்தின் அளவை மாற்றிப் பார்த்தாள். கடற்பாசிப் பசை சேர்த்துப் பார்த்தாள். சூட்டடுப்பில் வைக்கும் நேரத்தைக் கூட்டினாள், குறைத்தாள். இருபத்திரண்டு படலம் குப்பைக்குப் போயிற்று. இருபத்து மூன்றாவதை இழுக்கும்போது, ஓரத்தில் ஒரு குமிழ் நிற்கிறதா என்று பார்க்கக் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டாள். செய்யக் கூடாத காரியம், எல்லாரும் செய்கிற காரியம். கட்டைவிரல் ரேகை அப்படியே படலத்தில் பதிந்து காய்ந்துவிட்டது. சட்டப்படி தூக்கியெறிய வேண்டும். ஆனால் ஜாடிக்காரர் வண்டியோடு வாசலில் நின்றார், கையில் வேறு படலமும் இல்லை. எடுத்து மாட்டினாள். அது தாங்கியது. மற்ற ஜாடிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் முடித்துக் கொடுத்துவிட்டுப் பத்தொன்பதாம் எண் கேனுக்கு வந்தது.

பத்தொன்பதாம் எண்ணின் முதல் மாற்றில் நூற்று நாற்பது கிராம் தண்ணீர் வந்தது. பரவாயில்லை. அடுத்த வாரம் நூற்றுப் பதினெட்டு, அதற்கடுத்து தொண்ணூற்றாறு. மற்ற ஜாடிகளெல்லாம் மூன்றாம் மாற்றில் வறண்டுவிட்டிருந்தன. இது நிற்பதாக இல்லை. வருடக்கணக்கில் ஆல்கஹாலில் ஊறிய எதிலும் இத்தனை தண்ணீர் மிச்சம் இருக்க வழியே கிடையாது. அதற்குள் எப்போதோ எல்லாம் வெளியேறிப் பழைய திரவத்தோடு போயிருக்க வேண்டும். இதுவோ தன்னிடம் இருந்ததில் ஒரு சொட்டுக்கூட யாருக்கும் கொடுக்காமல் இத்தனை காலம் பிடித்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

நான்காம் வாரம்தான் அவள் அதைக் கவனித்தாள். எடை போடுகையில் தராசின் கடைசி இலக்கங்கள் நிலைக்காமல் நடுங்கின. இந்தத் தராசு, சூடான பொருளை வைத்தால் இப்படித்தான் நடுங்கும். வெப்பக் காற்று தட்டைத் தூக்கும். ஆனால் இது பனியாக இருந்து உருகிய தண்ணீர், அரை மணி நேரமாக மேசையில் கிடந்தது. அறையில் இருபத்து நான்கு டிகிரி. அவள் குடுவையைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெப்பமானியை உள்ளே விட்டாள். முப்பத்தேழு. கால்மணி கழித்துப் பார்த்தாள், முப்பத்தேழு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள், அதே முப்பத்தேழு. ஆறவே இல்லை. சட்டென்று எண்ணை எழுதிவிட்டுத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

துறைத் தலைவரிடம் சொன்னாள். அவருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ஹியூமிடிட்டி. படலம் கிழிந்தாலும் ஹியூமிடிட்டி, ஆராய்ச்சிக் கட்டுரை திரும்பி வந்தாலும் ஹியூமிடிட்டி.

"எங்கயோ லீக்கும்மா. ரூம் காத்துல இருக்குற ஈரம் உள்ள போகுது. ஹியூமிடிட்டி."

"சூடு, சார்?"

"பம்ப் பக்கத்துல வெச்சிருப்பே."

வைக்கவில்லை. ஆனாலும் மனுஷர் சொன்னதைச் செய்து பார்த்தாள். ரப்பர் வளையங்களை மாற்றினாள். கடையில் வாங்கிய வறண்ட ஆல்கஹாலை ஒருநாள் முழுக்க ஓட்டினாள். குளிர்க்குடுவையில் ஒரு துளி இல்லை. லீக் இல்லை என்று நிச்சயமாயிற்று. மறுபடி பத்தொன்பதைப் போட்டாள், மறுபடி தண்ணீர், மறுபடி முப்பத்தேழு. அன்று பம்பை நிறுத்திய பிறகும் அவள் படலம் மாட்டியிருந்த கலத்தின் சின்னக் கண்ணாடிச் சாளரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறிஞ்சுவது நின்றுவிட்டால் படலம் அசையக் கூடாது. அவளுடைய ரேகை பதிந்த இடம் மட்டும் லேசாக மேலெழுந்து இறங்கியது. எழுந்து இறங்கியது. அவள் பயந்துபோய்ச் சாளரத்தைத் துணியால் மூடினாள். பயத்தோடு வேறொன்றும் இருந்தது. அந்தத் துணியை எடுத்து மறுபடி பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது.

எழுபத்தைந்து, ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று, இருபத்தேழு, பதினாறு. வாரம் தவறாமல் குறைந்துகொண்டே வந்தது. வாரம் தவறாமல் எழுதினாள், ஊற்றினாள்.

ஒன்பதாம் முறை ஜாடிக்காரர் கேனோடு வந்தபோது நடுப்பகல். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"இதோட முடிஞ்சிடும் மேடம். நாளைக்குக் காலைல ரெசின் ஏத்த ஆள் வருது."

"அண்ணே, பத்தொம்பதுல என்னதான் இருக்கு?"

"சொன்னதில்லையா? சிசு மேடம். ஆறு மாசம். பொண்ணு." அவர் கேன் மூடியைத் துடைத்தபடி குரலைத் தணித்துக்கொண்டார். "மத்ததெல்லாம் ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து வந்தது. இதை மட்டும் பெத்த தகப்பனே தூக்கிட்டு வந்து குடுத்தாரு. நம்ம லிஃப்ட்காரர், அப்ப எங்க கட்டிடத்துல வேலை பாத்தவரு. பசங்க படிக்கட்டுமேன்னு பெரிய டாக்டர் கேட்டிருக்காரு, இவரால மறுக்க முடியல. பொண்டாட்டி காய்ச்சலோட கிடக்குறா, அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு என் கையப் பிடிச்சிக்கிட்டாரு. நல்ல மழை நாளு. பதினோரு வருஷம் இருக்கும்."

அவளுக்கு அழுகை வரவில்லை. தலைக்குள் ஏதோ கூட்டல் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த முடியவில்லை.

"அண்ணே, நாளைக்கு ரெசின் வேண்டாம். நான் வந்து பாக்குற வரைக்கும் அந்த ஜாடியத் தொடாதீங்க."

"ஏன் மேடம்?"

"இன்னும் ஈரம் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தொழில் சம்பந்தமாக யார் எது சொன்னாலும் நம்புகிறவர்.

அவள் நோட்டைத் திறந்து எட்டு வாரத்து எண்களையும் கூட்டினாள். ஐந்நூற்று எழுபத்தொன்று. கீழே, யாரும் கேட்காத ஒரு கணக்கைப் போட்டாள். ஆறாம் மாதத்தில் குழந்தை உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அறுநூற்று நாற்பதில் பத்தில் ஒன்பது பங்கு ஐந்நூற்று எழுபத்தாறு. ஐந்து கிராம் பாக்கி. அந்த ஐந்து கிராம் இப்போது வந்திருக்கும் கேனில் இருக்கிறது.

மீதி எங்கே? மீதி ஐந்நூற்று எழுபத்தொன்றையும் அவள்தான் வாங்கினாள், தன் விரல் பதிந்த படலத்தின் வழியாக. எடை போட்டாள். பிறகு தன் கையாலேயே சாக்கடையில் ஊற்றினாள். பதினோரு வருடம் எந்த ஆல்கஹாலுக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததை அந்தக் குழந்தை அம்மாவின் கையைக் கண்டதும் கொடுத்தது. அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

அவள் தொட்டியின் முன் போய் நின்றாள். எத்தனையோ வருடமாகக் கறை ஏறிய வெள்ளைத் தொட்டி. குனிந்தாள், அப்புறம் தரையில் மண்டியிட்டாள். தொட்டிக்கு அடியில் வளைந்து போகும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். நாற்றம் மேலே வராமலிருக்க அப்படி வைத்திருப்பார்கள். காலையிலிருந்து அந்தத் தொட்டியை யாரும் தொடவில்லை. அவள் கையை நீட்டி அந்த வளைவைத் தொட்டாள். காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால்தான் தொட்டாள், ஏனென்று அவளுக்கே தெரியாது. வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மாவுக்குத் தெரியலடா," என்றாள். ஆளில்லாத அறையில் அவள் குரல் அவளுக்கே விநோதமாகக் கேட்டது.

அப்புறம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேனை இணைத்தாள். குளிர்க்குடுவையை நைட்ரஜனில் இறக்கினாள், பம்பைப் போட்டாள். சாளரத்தை மூடியிருந்த துணியை எடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்த துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, அந்தப் படலத்தைக் கழற்றி நுண்ணோக்கிக்குத் துண்டு வெட்டிக் கொடு என்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே முடியாது என்றாள். பதினான்கு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. இன்னைக்கு ஹியூமிடிட்டி ஜாஸ்தி என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் அவள் ரேகை எழுந்து இறங்குவதைப் பார்த்தபடியே நின்றாள். இந்த முறை பயம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது மெதுவானது, பிறகு நின்றுவிட்டது. பம்பை அணைத்தாள். குடுவையின் அடியில் பனி ஒரு விரல்நகம் அளவுக்குத்தான் இருந்தது. உருகியதைச் சின்னக் கண்ணாடிச் சீசாவில் ஊற்றி மூடித் தராசில் வைத்தாள். ஐந்து கிராம் என்று காட்டி இலக்கங்கள் நடுங்கின. நோட்டில் அவள் எதுவும் எழுதவில்லை.

வீடு இருந்தது பத்து நிமிட நடையில். அவள் கணவருக்கு அன்று அதிகாலை வேலை. முடித்துவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சின்ன மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் இந்த நேரத்தில் வந்ததைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"என்ன, உடம்பு சரியில்லையா?"

"கையை நீட்டுங்க."

நீட்டினார். கிரீஸ் படிந்த உள்ளங்கையில் சீசாவை வைத்து அவர் விரல்களை மூடினாள்.

"என்ன இது?"

"தண்ணி. மியூசியத்துல பத்தொம்பதாம் நம்பர் ஜாடி."

பொய் சொல்லிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கோபமாகக் கத்த வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, அவரைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வருடா வருடம் குழாயடியோடு நின்ற மனுஷன். சுவரோரம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் நின்றிருக்கிறார். வெறும் மண்ணைப் பார்த்து அவள் அழுததையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அவர் கைக்குள்ளிருந்த சீசாவைக் குனிந்து பார்த்தார்.

"சூடா இருக்கே," என்றார்.

சூடு தன் கைக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்று இத்தனை வாரமும் ஒரு சந்தேகம் இருந்தது அவளுக்கு. அது இப்போது போயிற்று.

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு," என்றார் அவர்.

"எப்படி?"

"துண்டுல சுத்திக் குடுத்தாங்க. லிஃப்ட்லதான் கொண்டுபோனேன், மியூசியம் இருந்த நாலாவது மாடிக்கு. போற வழியெல்லாம் கைக்குச் சூடா இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. திரும்பக் கீழ பிரசவ வார்டுக்கு வந்து, இன்னொரு தடவை பாருங்கன்னு டாக்டருங்களக் கேட்டேன். பாக்கவேயில்ல. உசுரு இல்ல, இது வெறும் உடம்புச் சூடு, கொஞ்ச நேரத்துல ஆறிடும்னாங்க."

"ஆறுச்சா?"

அவர் சீசாவை மறு கையாலும் பொத்திக்கொண்டார்.

"நான் ஜாடிக்காரர் கைல குடுக்குற வரைக்கும் ஆறல."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"மணி நாலு. அஞ்சு வரைக்கும் மியூசியத்துல ஆள் இருக்கும். எந்திரிங்க, போய் பிள்ளைய வாங்கிட்டு வரலாம்."

அவர் எழுந்தார். சீசாவை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே வெச்சிக்குங்க. கைய மூடியே வெச்சிருங்க, ஆறிடப்போகுது."